அக்காமடேஷன் என்றால் ரூம் இல்லை

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பைலாவில் 14-வது விதி இப்படிப் போகிறது: "வளாகத்தினுள் நாய், பூனை உள்ளிட்ட எந்த வளர்ப்புப் பிராணியையும் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. வாடகைதாரர்களுக்கும் இவ்விதி பொருந்தும்."

இந்த வாசகத்தை எழுதியவன் நான்தான். ஆடிட்டில் 34 வருஷம் குப்பை கொட்டியவனிடம் பைலா எழுதச் சொன்னால் இப்படித்தான் வரும். "உள்ளிட்ட", "எந்த", "பொருந்தும்" என்று ஓட்டை எதுவும் இல்லாமல் அடைத்து வைத்தேன். அன்றைக்குக் கமிட்டியில் எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்த விதிக்கு எதிரானது. அதனால் எனக்கும் எதிரானது. எங்கள் பிளாக்கிலிருந்தே ஏழெட்டுப் பேர் இந்தப் பக்கத்தைப் படிப்பது எனக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் திட்டுங்கள், பரவாயில்லை. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

2023-ல் நடந்தது. காலமான என் நண்பர் ஒருவரின் மகள், நியூ ஜெர்சியில் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவள், எட்டு மாதம் சென்னையில் தங்குவதற்காக வந்தாள். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. இங்கிருந்தே வேலை பார்த்துக்கொண்டு அம்மாவையும் கவனித்துக்கொள்வதாக ஏற்பாடு. எங்கள் குடியிருப்பில் அவளுடைய சித்தி, அதாவது அம்மாவின் தங்கை இருக்கிறார். அதே தளத்தில் ஒரு வீடு காலி. வீட்டுக்காரருக்கும் சம்மதம். சித்தி வீட்டில் சமையல், எதிர் வீட்டில் அம்மா, கீழே லிஃப்ட். இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

அந்தப் பெண்ணுக்குக் கண் தெரியாது. பிறவியில் அப்படி இல்லை. விழித்திரை நோய், இருபதுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. அவளோடு ஒரு வழிகாட்டி நாய் வந்திருந்தது. கறுப்பு லாப்ரடார். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், நாயின் பெயரையும்தான். பெயர் தெரிந்தால் கண்டவர்களும் கூப்பிடுவார்கள், அதன் கவனம் கலையும் என்றாள்.

அனுமதி கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவிக்கு நாய் என்றாலே குலை நடுங்கும். எட்டு வயதில் கடி வாங்கி, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்ட தலைமுறை அவள். உள்ளறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அங்கிருந்தே பேசினாள். காபி கொடுக்க வேண்டுமே என்று வெளியே வந்தவள், கால் மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத் திடீரென்று, "ஏம்மா, நாய் எங்கே போச்சு?" என்று கேட்டாள். அது டைனிங் டேபிளுக்கு அடியில், அந்தப் பெண்ணின் காலடியில் சுருண்டு படுத்திருந்தது. குரைக்கவில்லை, முகரவில்லை, தட்டிலிருந்த பிஸ்கட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்று எடுத்துக் கொடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "வேண்டாம் மாமா, அது டியூட்டியில இருக்கு" என்றாள்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன் நான். அப்படியிருந்தும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி, 14-வது விதியைச் சுட்டிக்காட்டி, அனுமதி மறுத்து, செகரட்டரி என்ற முறையில் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தேன். ஐந்து பேர் கொண்ட கமிட்டியில் எதிர்த்துப் பேசியவர் ஒருவர். அந்த ஒருவர் நானில்லை.

அவள் எழுதிய மெயிலில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவுகளைக் குறிப்பிட்டிருந்தாள். கமிட்டியில் அதைப் படித்தபோது ஒருவர் சொன்னார்: "அமெரிக்கா சட்டத்தையெல்லாம் இங்க வந்து காட்டக் கூடாது சார்." அது நம் நாடாளுமன்றம் 2016-ல் இயற்றிய சட்டம். திருத்திச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் அதுவரை அந்தச் சட்டத்தைப் படித்திருக்கவில்லை.

கடைசியில் நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு தனி வீட்டின் கீழ்ப் பகுதி கிடைத்தது. வாசலில் மூன்று படி, கைப்பிடி கிடையாது. சித்திக்கு அப்போது 74 வயது. தினமும் சாப்பாட்டுக் கேரியரோடு ஆட்டோவில் போய் வந்தார். ஐப்பசி மழையில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது வழுக்கி மணிக்கட்டு உடைந்தது. எட்டு மாதம் முடிந்து அந்தப் பெண் திரும்பிப் போய்விட்டாள். அவள் அம்மா இப்போது தாம்பரம் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். அந்தக் கடிதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி, அன்று கமிட்டியில் பேசப்பட்ட காரணங்களை எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் பாதியைப் பேசியவன் நான் என்பதால் யாரையும் குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் காரணம், "ஒரு நாய்க்குக் கதவைத் திறந்தா நாளைக்கு ஒன்பது நாய் வரும்." ஒன்பது வழிகாட்டி நாய் எங்கிருந்து வரும் ஐயா? ஒரு வழிகாட்டி நாய் உருவாவது எப்படி என்று தெரிந்தால் இப்படிப் பேச மாட்டோம். குட்டியாக இருக்கும்போது ஒரு குடும்பம் அதை எடுத்து வளர்க்கிறது. கடை, பஸ், ரயில், கூட்டம் எல்லாவற்றுக்கும் பழக்குகிறது. ஒரு வயது தாண்டியதும் பள்ளிக்குத் திரும்பிப் போய்ப் பயிற்சியாளரிடம் சில மாதங்கள். பிறகு கண் தெரியாதவர் அங்கேயே போய்த் தங்கி, அந்த நாயோடு சேர்ந்து நடக்கக் கற்றுக்கொள்கிறார். பல நாய்கள் பாதியிலேயே தேர்வில் தோற்றுத் திருப்பி அனுப்பப்படுகின்றன. நாம் ஐ.ஏ.எஸ். பரீட்சையைப் பற்றிப் பேசுவது போலத்தான் அங்கே அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அந்த நாய் என்ன செய்கிறது என்பதிலும் நமக்குத் தவறான எண்ணம். "ஆபீஸுக்குப் போ" என்றால் அது கூட்டிக்கொண்டு போகாது. வழி தெரிய வேண்டியது மனிதருக்கு. இடது, வலது, நேரே என்று அவர் சொல்ல வேண்டும். சிக்னலில் பச்சையா சிவப்பா என்று நாய் பார்த்துச் சொல்வதில்லை. வண்டிச் சத்தத்தைக் காதில் வாங்கி எப்போது கடப்பது என்று முடிவு செய்பவர் அவரேதான். நாயின் வேலை பள்ளம், படி, கம்பம், தலையில் இடிக்கும் கிளை, குறுக்கே வரும் சைக்கிள். "போ" என்று அவர் சொன்னாலும் எதிரே வண்டி வந்தால் அது நகராது. சொன்ன பேச்சைக் கேட்கக் கூடாத இடத்தில் கேட்காமலிருக்கப் பழக்குவதுதான் பயிற்சியிலேயே கஷ்டமான பாடம் என்று அந்தப் பெண் சொன்னாள். எங்கள் கமிட்டியில் ஐந்து பேரும் விதி சொன்னபடி நடந்தோம். நாய்க்குக் கொடுத்த பயிற்சி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது காரணம், பயமும் அலர்ஜியும். பயம் பொய் இல்லை. என் வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் 24 வீட்டில் ஒருவருக்குப் பயம் என்றால், லிஃப்டில் அவர் முதலில் போகட்டும், நாயோடு வருபவர் அடுத்த தடவை வரட்டும். ஆஸ்துமா உள்ளவர் மூன்றாம் மாடியில் இருந்தால் இந்தப் பெண் முதல் மாடியில் இருக்கிறாள். இதற்கெல்லாம் வேண்டியது கொஞ்சம் யோசனை. நாங்கள் யோசிக்கவில்லை, விதியைப் படித்தோம்.

மூன்றாவது காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆசாரம். "கீழே பிள்ளையார் இருக்கிறார், நாய் அந்த வழியா போகலாமா?" எங்கள் வளாகத்துப் பிள்ளையாரைச் சுற்றித் தெருநாய் இரண்டு வருஷக்கணக்காகப் படுத்துக் கிடக்கின்றன. வாட்ச்மேன் அவற்றுக்குப் பொறை போடுகிறார். பிள்ளையார் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. பைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வந்து இதைப் பேசியவர் யார் என்று அவருக்கே தெரியும்.

இதில் இன்னொன்றும் உண்டு. நாங்கள் நாலைந்து பேர் மாலையில் கோயிலில் பாரதச் சொற்பொழிவு கேட்கப் போகிறவர்கள். தருமபுத்திரர் கடைசி யாத்திரை போகிறார். தம்பிகளும் திரௌபதியும் வழியில் விழுந்துவிட்டார்கள். கூட வந்தது ஒரு நாய்தான். இந்திரன் ரதத்தோடு வந்து, நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான். நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இவர் நிற்கிறார். அந்த இடம் வரும்போது நாங்கள் எல்லாரும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். மறுநாள் காலை 14-வது விதி. இந்திரன் பார்த்த செகரட்டரி உத்தியோகத்தை நான் பார்த்தேன். அவனிடம் பைலா இருந்ததாக வியாசர் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். ஆடிட்காரனுக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நீளும்.

சர்வீஸில் இருந்தபோது கேம்ப் போகும் ஊருக்கெல்லாம் முன்கூட்டியே "அக்காமடேஷன் ஏற்பாடு செய்யவும்" என்று தந்தி கொடுப்போம். டிராவலர்ஸ் பங்களாவில் ஒரு ரூம், கட்டில், கொசுவலை. எனக்கு அக்காமடேஷன் என்றால் ரூம்தான். அதனால் அந்தப் பெண்ணின் மெயிலில் "ரீசனபிள் அக்காமடேஷன்" என்று பார்த்ததும், நியாய வாடகைக்கு வீடு கேட்கிறாள் போலிருக்கிறது என்றே நினைத்தேன். கமிட்டியிலும் அப்படித்தான் சொன்னேன். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. மாற்றுத்திறனாளி ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தன் உரிமையை அனுபவிப்பதற்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்களையும் அனுசரிப்புகளையும், எதிராளி மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல் செய்து கொடுப்பது. நம் டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆள் வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்" என்கிறாரே, அதுதான். நகர்ந்து உட்காருகிறோம். மடியில் உட்காரச் சொன்னால் மாட்டோம். சட்டம் கேட்பதும் நகர்வதைத்தான்.

2016-ஆம் ஆண்டுச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. அதன் 2-வது பிரிவில், பாரபட்சம் என்பதற்கான விளக்கத்திலேயே, இந்த அனுசரிப்பைச் செய்ய மறுப்பதும் பாரபட்சம்தான் என்று சேர்த்திருக்கிறார்கள். 3-வது பிரிவு, ஊனத்தைக் காரணமாக வைத்து எவரிடமும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. நியாயமான ஒரு நோக்கத்துக்காக, அதற்கேற்ற அளவில்தான் செய்தோம் என்று நிரூபித்தால் மட்டுமே விலக்கு. 5-வது பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமை. "நாங்க சர்க்கார் ஆபீஸா?" என்று ஒருவர் கேட்டார். தனியார் நிறுவனம் என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் பட்டியலில் கம்பெனி, கூட்டுறவுச் சங்கம், டிரஸ்ட் இவற்றோடு "சங்கங்கள்" என்ற சொல்லும் இருக்கிறது. நம் லெட்டர்ஹெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000-லிருந்து 5 லட்சம் வரை. மாநில ஆணையரிடம் புகார் கொடுத்தால் அவர் விசாரிக்கலாம், சிவில் கோர்ட்டைப் போல ஆட்களை வரவழைக்கலாம். அந்தப் பெண் புகார் கொடுக்கவில்லை. அம்மாவைப் பார்ப்பதா, ஆணையர் ஆபீஸுக்கு அலைவதா?

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தில் "வழிகாட்டி நாய்" என்ற சொல்லே கிடையாது. இதுதான் அதன் பெரிய குறை என்பேன். 2007-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 20-வது பிரிவில், நடமாட்டத்துக்கு உதவும் கருவிகளோடு "உயிருள்ள உதவி" என்ற பொருளில் ஒரு தொடர் இருக்கிறது. அந்த உடன்படிக்கையை நிறைவேற்றத்தான் 2016 சட்டமே வந்தது. ஆனால் இங்கே எழுதும்போது நாயை எழுதாமல் விட்டுவிட்டார்கள். எழுதாததால் ஒவ்வொரு வாட்ச்மேனிடமும், ஒவ்வொரு ஹோட்டல் ரிசப்ஷனிலும், ஒவ்வொரு கமிட்டியிடமும் அவர்கள் நின்று வாதாட வேண்டியிருக்கிறது. விமானத்துக்கான அரசு விதிகளில் வழிகாட்டி நாய்க்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகாயத்தில் அவள் காலடியில் உட்கார்ந்து வரலாம், முதல் மாடிக்கு லிஃப்டில் ஏறக் கூடாது என்றால் இது என்ன கணக்கு?

சொல் இல்லாவிட்டாலும் வழி இல்லாமல் போகவில்லை. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுத முடியாத கைக்கோளாறு உள்ள ஒரு தேர்வர் வழக்கில், சட்டத்தில் குறிப்பிட்ட அளவு ஊனம் இல்லை என்று சொல்லி உதவியாளரை மறுக்கக் கூடாது, அனுசரிப்பு என்பது ஒவ்வொருவரின் தேவையையும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்வது என்று விளக்கியது. நாங்கள் செய்தது அதற்கு நேர் எதிர். அவளைப் பார்க்கவில்லை, விதியைப் பார்த்தோம்.

அட, அவளை விடுங்கள். சாதாரண வளர்ப்பு நாய்க்கே நம் விதி செல்லாது போலிருக்கிறது. விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது: பெரும்பான்மை ஓட்டில் பைலாவைத் திருத்தினாலும் குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்டையும் மறுக்க முடியாது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட தடை விதிகள் சட்டப்படி செல்லாதவை என்று தீர்ப்புக் கொடுத்தது. கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்று நம் பிளாக் வக்கீல் சொல்வார். சரி. ஆனால் நாளைக்கு இங்கே யாராவது வழக்குப் போட்டால் நீதிபதி முதலில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான் என்று அவருக்கும் தெரியும்.

2024-ல் மகள் வீட்டுக்கு நியூ ஜெர்சி போயிருந்தேன். அங்கிருந்து முக்கால் மணி நேர தூரத்தில் மாரிஸ்டவுன். அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி, "தி சீயிங் ஐ", அங்கே இருக்கிறது. மாப்பிள்ளையை நச்சரித்துப் போய்ப் பார்த்தேன். பார்த்தது பள்ளியை அல்ல, ஊரை. கடைத்தெருவில் பயிற்சியாளர்கள் நாய்களோடு நடந்துகொண்டே இருக்கிறார்கள். மற்றவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஊர் நடுவில் உள்ள பூங்காவில் மாரிஸ் ஃப்ராங்க் என்பவருக்கும் அவருடைய நாய் பட்டிக்கும் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள்.

முதல் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக ஜெர்மனியில் இந்த நாய்ப் பயிற்சி தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த ஓர் அமெரிக்க அம்மையார், டோரதி யூஸ்டிஸ், அதைப் பற்றி 1927-ல் ஒரு பத்திரிகையில் எழுதினார். டென்னஸியில் இருந்த இந்த மாரிஸ் ஃப்ராங்க், இருபது வயது தாண்டாத கண் தெரியாத பையன், அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு அவருக்குக் கடிதம் போட்டு, கப்பலேறிப் போய், 1928-ல் பட்டியோடு திரும்பி வந்தான். நியூயார்க்கின் நெரிசலான தெருவைப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நாயைப் பிடித்துக்கொண்டு கடந்து காட்டினான். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஹோட்டலில் இடமில்லை என்றார்கள், ரயிலில் நாயைச் சாமான் பெட்டியில் போடு என்றார்கள். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை ஊர் ஊராகப் போய் அந்தக் கதவுகளைத் தட்டியதுதான். "அங்கெல்லாம் ஜனங்க வேற மாதிரி சார்" என்று நாம் சொல்வது சும்மா. அங்கேயும் நம்மைப் போன்ற கமிட்டிகள்தான் இருந்தன.

வீடு விஷயத்தில் அங்கே சட்டம் தெளிவானது இன்னும் தாமதமாக. 1968-ல், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஒரு வாரத்தில், வீட்டு வாடகையில் நிறபேதம் கூடாதென்று சட்டம் வந்தது. அதில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க இன்னும் 20 வருஷம், 1988 வரை ஆயிற்று. அந்தத் திருத்தம்தான், தேவையான இடத்தில் விதியைத் தளர்த்த மறுப்பதும் பாரபட்சம் என்றது. அதன்படி, தேவைக்காக வைத்திருக்கும் உதவி நாய் வளர்ப்புப் பிராணிக் கணக்கிலேயே வராது. நாய்க்கென்று தனி டெபாசிட் வாங்கக் கூடாது. கதவைப் பிராண்டினால் அந்தச் செலவை வாங்கிக்கொள்ளலாம். அந்த நாய், அதே நாய், கடித்திருக்கிறது, ஆபத்தானது என்று காட்டினால் மறுக்கலாம்; நாய் என்றாலே கடிக்கும் என்று சொல்லி மறுக்க முடியாது. வீட்டுக்காரர் தானும் குடியிருக்கும், நாலு குடித்தனத்துக்கு மேல் இல்லாத வீட்டுக்கு விலக்கு உண்டு. யோசித்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்.

கண்ணுக்கு மட்டும் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் காது கேட்காத இரண்டு பெண்கள், அழைப்பு மணியையும் அபாய மணியையும் கேட்டு வந்து தெரிவிக்கும் நாயோடு வாடகைக்கு இருந்தார்கள். இது வெறும் செல்லநாய், பயிற்சி பெற்றதே இல்லை என்றார் வீட்டுக்காரர். கீழ்க் கோர்ட்டில் அவர் ஜெயித்துவிட்டார். 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஜூரிகளுக்குச் சட்டத்தைக் குழப்பிச் சொல்லிவிட்டார்கள் என்று தீர்ப்பை ரத்து செய்து மறு விசாரணைக்கு அனுப்பியது. காது கேட்காதவருக்கு அப்படிப்பட்ட நாய் தேவை என்பது தன்னளவிலேயே நியாயமானது என்றும் சொன்னது. காலிங் பெல் கேட்காமல் கூரியர்காரர் திரும்பிப் போகும் வீடு நம் வளாகத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

அங்கே ஏமாற்று இல்லையா? இருக்கிறது. மன ஆறுதலுக்கான பிராணி என்று இன்டர்நெட்டில் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, கண்டதையும் விமானத்தில் ஏற்றினார்கள். 2018-ல் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒருவர் மயிலோடு வந்து நின்றார், ஏற்றவில்லை. முருகனுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. அந்தக் கூத்துக்குப் பிறகு விமானங்களுக்கான விதியை 2020 டிசம்பரில் இறுக்கினார்கள். பயிற்சி பெற்ற நாய்க்கு மட்டும்தான் கட்டாய இடம். அதாவது, போலிகளைத் தடுக்க விதியைத் திருத்தினார்கள். நிஜமானவர்களைச் சேர்த்து வெளியே தள்ளவில்லை. ரேஷன் கார்டில் போலி இருக்கிறதென்று ரேஷன் கடையை யாரும் மூடுவதில்லையே.

இங்கே இன்னொரு உண்மையான சிரமம் உண்டு, அதை மறைத்தால் என் வாதம் நொண்டியாகிவிடும். நம் தெருக்கள். நடைபாதை கிடையாது, இருக்கிற இடத்தில் டிரான்ஸ்ஃபார்மரும் டிபன் கடையும். தெருநாய்க் கூட்டம் ஒன்று இந்த நாயைக் கண்டால் விடாது. அந்தப் பெண்ணே பல நாள் ஆட்டோவில்தான் போனாள். தெருமுனை வரைகூட நடக்கவிடவில்லை. சென்னையில் வழிகாட்டி நாயை நாம் பார்ப்பதே இல்லை என்பதற்குக் காரணம் தேவை இல்லை என்பதல்ல. ஆனால் தெருவைச் சரிசெய்ய என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. லிஃப்டுக்குள் அனுமதிக்க நம்மால் முடியும். ஒரு கையெழுத்து.

கடைசியாக என் வயதுக்காரர்களிடம் ஒன்று. போன வருஷம் நாம் எல்லோரும் சேர்ந்து கீழ்ப் படிக்கட்டில் சாய்தளமும் கைப்பிடியும் கேட்டோம். மூன்று லட்சம் செலவு. இளவயதுக்காரர்கள் முனகினார்கள். அப்போது பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து ஒரு சட்டத்தைக் காட்டிப் பேசினார், உடனே வாயை மூடிக்கொண்டார்கள். அவர் காட்டியது எந்தச் சட்டம் என்று நினைக்கிறீர்கள்? அதே 2016-தான். 2023-ல் அமெரிக்கச் சட்டமாக இருந்தது, நம் முழங்காலுக்கு வந்ததும் இந்தியச் சட்டமாகிவிட்டது. எனக்கு இடது கண்ணில் கிளாக்கோமா. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, "இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போனது வராது" என்று சொல்லியிருக்கிறார். அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் நின்று பேசுகிறேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காக.

சென்ற பொதுக்குழுவில் 14-வது விதியைத் திருத்தத் தீர்மானம் கொண்டுவந்தேன். 24 வீட்டில் ஆதரவு 5. இந்தத் தடவை வாசகத்தை மாற்றியிருக்கிறேன். முன்கூட்டியே இங்கே போடுகிறேன்:

"மாற்றுத்திறனாளி ஒருவருக்கு உதவுவதற்காகப் பயிற்சி பெற்ற நாய், 14-வது விதியின் கீழ் வளர்ப்புப் பிராணியாகக் கருதப்படாது. அத்தகைய நாயுடன் குடியிருப்பவரிடமோ விருந்தினராக வருபவரிடமோ தனிக் கட்டணம், கூடுதல் டெபாசிட் கேட்கப்படாது. லிஃப்ட், படிக்கட்டு, பொது இடங்கள் அனைத்தையும் அவர் பயன்படுத்தலாம். தடுப்பூசிச் சான்றும் மாநகராட்சி உரிமமும், பயிற்சி பற்றிய கடிதமும் சங்கம் கேட்டுப் பெறலாம். நாயால் ஏற்படும் சேதத்துக்கு அதை வைத்திருப்பவரே பொறுப்பு. மறுப்பதானால் அந்தக் குறிப்பிட்ட நாயின் நடத்தையைக் காரணம் காட்டி எழுத்து மூலம் மறுக்க வேண்டும்."

"உள்ளிட்ட" என்ற சொல் எங்கேயும் வராமல் பார்த்துக்கொண்டேன். ஊரில் இல்லாதவர்களுக்குப் ப்ராக்ஸி படிவம் என்னிடம் இருக்கிறது, காலை பத்து மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளலாம்.